ஆர்ஓஜி அலை: ஒரே கருவி, இரண்டு இயங்குதளங்கள்

அசுஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி அலை என்னும் கையடக்கக் கேமிங் கணினி 2023ஆம் ஆண்டின் நடுவில் இந்தியக் கடைகளுக்கு வந்தபோது அதன் விலை 69,990 ரூபாய். இவ்வகைக் கருவிகளுக்குப் பரவலான வழியைத் திறந்துவிட்ட ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது என்றாலும், அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் ஒருவரிடம் டெக்கின் விலையை விசாரித்தபோது, "பழுதானா நாங்க பொறுப்பில்ல சார், அதுக்கு சம்மதம்னா அட்வான்ஸ் போடுங்க" என்ற பதில்தான் கிடைத்தது. ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் இவ்வளவு பணத்தைப் போட எங்கள் வீட்டில் ஒருவரும் ஒப்பவில்லை, அலையை வாங்கினோம். கும்பகோணத்தில் அதை முதலில் விண்டோஸிலும், பிறகு பஸைட் என்னும் லினக்ஸ் இயங்குதளத்திலும் பயன்படுத்திய அனுபவத்தை ஒட்டியதே இந்த மதிப்புரை.

கருவியின் உடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு அங்குலத் திரை, 1920க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திறன், ஏஎம்டி ரைசன் இசட்1 எக்ஸ்ட்ரீம் செயலி, 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி சேமிப்பகம், 608 கிராம் எடை. அந்த 16 ஜிபியைச் செயலியும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பேட்டரி 40 வாட்-மணி; இதுதான் இக்கருவியின் பலவீனமான இடம் என்பதால், அடுத்து வந்த அலை எக்ஸில் அதை 80 வாட்-மணியாக இரட்டிப்பாக்கினார்கள். செயலியை 25 வாட்டில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். 10 வாட்டுக்கு இறக்கினால் திரை, மின்விசிறி எல்லாம் சேர்ந்தும் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வரும். கைபேசிக்கென்று வாங்கிய 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் ஏறத்தாழ 74 வாட்-மணி இருந்தாலும், 18 வாட் மட்டுமே கொடுக்கும் அதன் வாய், முழு வேகத்தில் ஓடும் இக்கருவிக்கு ஈடுகொடுக்காது. 65 வாட் தரும் டைப்-சி பவர் பேங்க் வாங்குவதானால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியோடு வருவது விண்டோஸ் 11. அது விசைப்பலகைக்கும் மௌஸுக்கும் பழகிய இயங்குதளம். ஏழு அங்குலத் தொடுதிரையில் அதன் சன்னல்களை மூடும் சிறிய குறுக்குக் குறியைக் கட்டைவிரலால் தொட முயலும்போது இது விளங்கிவிடும். ஒரு கேமைத் தொடங்கினால் அதற்கு முன்னே அதன் நிறுவனத்தின் லாஞ்சர், அதாவது கேமைத் திறந்துவிடும் நிரல், வந்து கடவுச்சொல் கேட்கிறது. திரை விசைப்பலகை மேலெழுந்து, கடவுச்சொல் அடிக்க வேண்டிய கட்டத்தையே மறைத்துவிடுகிறது. அதைத் தள்ளிவிட்டு அடித்து முடிப்பதற்குள் அப்டேட் இருப்பதாக ஓர் அறிவிப்பு வலது மூலையில் நிற்கிறது. இவற்றில் எதுவும் பெரிய குறை இல்லை. ஆனால் வயலுக்குப் போய்த் திரும்பி, சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் ஆடலாம் என்று உட்காருபவருக்கு அந்த அரை மணியில் பத்து நிமிடம் இதிலேயே கரைந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமானது உறக்கம். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் ஆட்டம் எப்போதும் பாதியில்தான் நிற்கும். கேஸ் சிலிண்டர் வரும், பெரியப்பா வருவார், பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் வந்துவிட்டதென்று மோட்டார் போட ஓட வேண்டியிருக்கும். ஆகவே பவர் பட்டனை அழுத்திக் கருவியைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போக முடிகிறதா, இரவு வந்து மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலேயே ஆட்டம் நிற்கிறதா என்பதே ஒரு கையடக்கக் கருவிக்கு வைக்க வேண்டிய முதல் தேர்வு என்பது என் கருத்து. நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

விண்டோஸின் தற்போதைய உறக்க முறையில் கணினி முழுமையாகத் தூங்குவதில்லை. வலையமைப்போடு தொடர்பு வைத்துக்கொண்டும், பின்னணி வேலைகளுக்காக அவ்வப்போது விழித்துக்கொண்டும் இருப்பது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது. மடிக்கணினியில் மின்னஞ்சலுக்கு உதவும் இந்த ஏற்பாடு, பைக்குள் கிடக்கும் கேமிங் கருவியில் சூட்டையும் பேட்டரி இழப்பையும் தரக்கூடும். பவர் பட்டனுக்கு உறக்கத்தை விட்டுவிட்டு, இருக்கும் நிலையைச் சேமிப்பகத்தில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் என்று அமைத்துக்கொண்டால் பேட்டரி இழப்பு நிற்கும், ஆனால் எழுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். இடையில் விட்ட கேம் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திரும்பும் என்றும் நம்பியிருக்க முடியாது. லினக்ஸில், குறிப்பாக வால்வின் கேம் விற்பனைத் தளமான ஸ்டீமின் கேமிங் முறையில், இது முதலிலிருந்தே முதன்மைத் தேவையாகக் கருதிச் செய்யப்பட்டிருக்கிறது. பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகையில், மயிலாடுதுறையில் ஏறிய ஒருவருக்குப் பெட்டியை மேலே தூக்கிவைக்க உதவ எழுந்தபோது ஒருமுறை பவர் பட்டனை அழுத்தினேன். சீர்காழி வந்த பிறகு எடுத்து அழுத்தியபோது, ஆட்டத்தில் வரும் பாத்திரம் வாளை ஓங்கிய கையோடு அப்படியே நின்றது. பேட்டரி அளவு இறங்கியதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இனி லினக்ஸ் என்றால் என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். கேம் ஆட முடியாத பக்கம் என்றே அன்றைய பையன்களில் பலர் அதைத் தொடாமல் விட்டார்கள். அந்தக் காலத்தில் அது சரியான முடிவுதான். நிலைமை மாறியது 2018 ஆகஸ்டில், வால்வ் நிறுவனம் புரோட்டானை வெளியிட்டபோது. 1993 முதல் வளர்ந்துவந்த வைன் என்னும் திட்டத்தின் மேல் கட்டப்பட்ட இது, விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம் கேட்கும் கேள்விகளுக்கு லினக்ஸின் மொழியில் பதில் பெற்றுத் தருகிறது. விண்டோஸ் கேம்கள் காட்சிகளை வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கிறது. செயலி இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால், வேறொரு கணினியைப் பாவனை செய்யும் எமுலேட்டரின் சுமை இதில் கிடையாது. ஆகவேதான் மொழிபெயர்ப்பு இருந்தும் பெரும்பாலும் வேகம் அதிகம் குறைவதில்லை. சில கேம்களில் கூடுகிறது. 2022இல் எல்டன் ரிங் என்னும் கேம் வந்த புதிதில், விண்டோஸ் கணினிகளில் இருந்த தடுக்கல் ஸ்டீம் டெக்கில் வெகுவாகக் குறைந்திருந்ததற்கு, மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே வால்வ் செய்த திருத்தம் காரணம். 2025 மே மாதம் லெனோவோவின் லீஜியன் கோ எஸ் என்னும் கையடக்கக் கருவி, டெக்கில் உள்ள அதே ஸ்டீம்ஓஎஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை அதிகாரப்பூர்வமாகக் கொண்டு வந்தபோது, விண்டோஸ் பதிப்போடு அதை ஒப்பிட்ட சோதனைகளில் பலவற்றிலும் லினக்ஸ் பக்கமே முன்னே நின்றது.

நான் நிறுவிய பஸைட், ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டது. இயங்குதளத்தின் மையக் கோப்புகளைப் பயனர் தெரியாமல் கலைத்துவிட முடியாதபடி பூட்டி வைத்திருப்பதும், ஓர் அப்டேட் ஒத்துவராவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பவிடுவதும் அதன் சிறப்பு. அலையின் பட்டன்கள், வாட் கட்டுப்பாடு ஆகியவற்றை அசுஸின் ஆர்மரி கிரேட் மென்பொருளுக்குப் பதிலாக நான் நிறுவியபோது ஹேண்ட்ஹெல்ட் டேமன் என்னும் நிரல் கவனித்துக்கொண்டது. நிறுவும் வேலை கடினமானதில்லை, ஆனால் அவசரமாகச் செய்யக்கூடியதும் இல்லை. பென் டிரைவ் ஒன்றும் டைப்-சி ஹப் ஒன்றும் வேண்டும். விண்டோஸைத் தக்கவைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸை வைக்க விரும்பினால், சேமிப்பகத்தைப் பிரிப்பதற்கு முன் விண்டோஸின் சேமிப்பகப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் விண்டோஸ் பக்கம் பூட்டிக்கொண்டால் திறப்பதற்கு வழியில்லை. பல ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பை நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில் இறக்க முயல்வதைவிட, ஃபைபர் இணைப்புள்ள நண்பர் வீட்டுக்குப் போய்வருவது மேல்.

லினக்ஸ் தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது சிறிய இடமில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் போட்டி கேம்களில், ஏமாற்று வேலையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் விண்டோஸின் கர்னல் என்னும் உட்கரு வரைக்கும் இறங்கி வேலை செய்கின்றன. வேலரன்ட் இவ்வகையைச் சேர்ந்தது. அது லினக்ஸில் ஓடாது. ஃபோர்ட்நைட்டும் அவ்வாறே. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில காலம் ஓடிக்கொண்டிருந்து, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனர்களுக்குக் கதவை அடைத்துக்கொண்டது. நம் ஊர்ப் பையன்கள் விரும்பும் ஜிடிஏ 5இன் கதைப் பகுதி நன்றாக ஓடுகிறது. ஆனால் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்னும் கண்காணிப்பு மென்பொருள் சேர்க்கப்பட்ட பிறகு அதன் ஆன்லைன் பகுதி ஓடுவதில்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021இலேயே புரோட்டானுக்கு இடம் கொடுத்துவிட்டன என்பதையும், அதைத் திறப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கேம் நிறுவனத்தின் விருப்பத்தில் விடப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது தொழில்நுட்பத் தடையைவிட மனத்தடையாகவே தோன்றுகிறது. எவ்வாறாயினும் வாங்குபவருக்குப் பலன் ஒன்றுதான். கல்லூரி நண்பர்களோடு தினமும் இரவு வேலரன்ட் ஆடுபவர் இந்த மதிப்புரையின் மீதியைப் படிக்காமல் விண்டோஸிலேயே இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தா வைத்திருப்பவர்களும் அப்படியே. லினக்ஸில் அதன் கேம்களை இறக்கி ஆட முடியாது, கிளவுட் வழியாக மட்டுமே ஆட முடியும். கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆகிய இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது என்பதால் அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

தனியாக ஆடுபவர் கதை வேறு. ஹேடிஸ், ஸ்டார்டியூ வேலி போன்றவற்றை 10 வாட்டில், மின்விசிறிச் சத்தம் பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாத அளவில் ஆடலாம். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேமுக்கு 15 வாட்டும், 720 புள்ளி அளவும், நொடிக்கு 40 ஃப்ரேம் என்ற கட்டுப்பாடும் போதும். கத்திரி வெயிலில் மின்விசிறிக் காற்றே அனலாக வரும் அறையில் 25 வாட்டில் ஓட்டுவது கருவிக்கும் நல்லதில்லை, கைக்கும் நல்லதில்லை. இந்த வரம்புகளைக் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனில் மாற்றவும், கேம் வாரியாக நினைவில் வைத்துக்கொள்ளச் செய்யவும் லினக்ஸ் பக்கத்தில் வசதி உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் புதிய பதிப்புக்கு 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் இராஜேந்திர சோழனின் படையெடுப்பு ஒரு தனி ஆட்டத் தொடராகவே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு டவுன் பஸ் பிடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டு அதை ஆடாமல் இருக்க முடியவில்லை. அது லினக்ஸில் ஓடுகிறது. ஆனால் ஏழு அங்குலத்தில் அதன் எழுத்துகள் பொடியாகத் தெரிகின்றன, அலையில் டெக்கில் உள்ளது போன்ற டச்பேட் கிடையாது. ஹப்பில் மௌஸைச் செருகி டிவியில் இணைத்து ஆடுவதே சரி.

மின்தடையின்போது இரண்டு தளங்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நிற்கின்றன. கருவிக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது, போவது ரூட்டர்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளுக்கு முன்தினமே, ஆட விரும்பும் கேமை லினக்ஸில் ஒருமுறை திறந்து மூடிவிடுவது நல்லது. புரோட்டானும், காட்சிகளை வரைய உதவும் ஷேடர் கோப்புகளும் முதல் முறை இணையத்திலிருந்து இறங்கியிருந்தால்தான் ஸ்டீமின் ஆஃப்லைன் முறையில் மறுநாள் ஆட முடியும்.

மைக்ரோசாஃப்ட் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. 2025 அக்டோபர் 16 அன்று வெளிவந்த ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அலையில், டெஸ்க்டாப்பின் பல பகுதிகளை ஏற்றாமல் நேரே கேம்களின் பட்டியலுக்குப் போகும் முழுத்திரை முறையைக் கொண்டுவந்தார்கள். நினைவகம் மிச்சமாகிறது, தொடுதிரையோடு மல்லுக்கட்டுவதும் குறைகிறது. ஆனால் அடியில் இருப்பது அதே விண்டோஸ் என்பதால், ஏதேனும் ஒரு லாஞ்சர் குறுக்கே வரும்போது பழைய சன்னல் எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

எனவே, இரண்டையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு நடைமுறையில் உதவும் ஒன்றைச் சொல்லலாம். 512 ஜிபியில் விண்டோஸுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். அதில் லினக்ஸில் ஓடாத கேம்களையும், அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ கட்டாயமான மென்பொருள்களையும் மட்டும் வைத்தால் போதும். ஒரே கேம் கோப்புறையை இரண்டு தளங்களுக்கும் பொதுவாக வைக்க ஆசை வரும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள பகுதியிலிருந்து புரோட்டான் வழியாகக் கேமை ஓட்டினால் கோப்புப் பெயர்களிலும் அனுமதிகளிலும் சிக்கல் வரும் என்பதால், அதைத் தவிர்ப்பது நல்லது. மெமரி கார்டில் கேம்களைக் குவிப்பதும் இந்த முதல் அலையில் வேண்டாம். அதிக வெப்பத்தில் கார்டு ரீடர் செயலிழக்கக்கூடும் என்று 2023இல் அசுஸே ஒப்புக்கொண்டது. இடம் போதவில்லை என்றால் உள்ளே இருக்கும் 2230 அளவு எஸ்எஸ்டியை 1 டிபியாக மாற்றிக்கொள்ளலாம். பின்மூடியின் திருகுகளில் ஒன்று முழுதாகக் கழலாமல் மூடியோடேயே நிற்கும். அது பழுதில்லை, மூடியைத் தூக்குவதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.