அப்பாவின் கண்ணுக்கு எந்த லென்ஸ்: மோனோஃபோகலா, மல்டிஃபோகலா?

கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் அப்பா கேட்டது, "அதுக்கப்புறம் கண்ணாடி போடணுமா?" என்றுதான். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸைப் பொறுத்தது அது. மோனோஃபோகல் என்றால் தூரம் தெளிவாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகலில் பெரும்பாலும் இரண்டுக்குமே வேண்டியதில்லை, விலைதான் பல மடங்கு. இதை மட்டும் பார்த்திருந்தால் கடன் வாங்கியாவது மல்டிஃபோகலையே வைத்திருப்போம்.

எங்கள் மனதை மாற்றியது இருட்டு. அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம். விடிகாலை மூன்றரைக்கு மொபெட்டை எடுத்துவிடுவார். மல்டிஃபோகல் லென்ஸ், உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கு ஒரு பங்கு, கிட்டத்துக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது மற்றப் பங்கு மங்கலாகச் சுற்றிப் படரும். பகலில் அது உறுத்தாது. இரவில் விளக்கைச் சுற்றி வளையமாக நிற்கும். கருத்த ரோட்டில் கருத்த மாடு படுத்திருந்தால் பிரித்துப் பார்ப்பதும் கொஞ்சம் சிரமம்.

பெரியம்மா மல்டிஃபோகல் வைத்துக்கொண்டவர். கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறார். இரவில் வண்டி ஓட்டாத அவருக்கு அது சரியான தேர்வுதான். ஆனால் அவரே சொன்னார்: "எதிர்க்க வர்ற லாரி லைட்டைச் சுத்தி சைக்கிள் வீல் மாதிரி தெரியுதுடா." பலருக்குச் சில மாதங்களில் பழகிவிடும்; பெரியம்மாவுக்கும் குறைந்திருக்கிறது. பழகாவிட்டால்? லென்ஸை மாற்றலாம்தான், ஆனால் நாளாக ஆக, கண்ணுக்குள் அதைத் தாங்கும் மெல்லிய பை அதோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எடுப்பது முதல் ஆபரேஷன் மாதிரி எளிதல்ல. அந்தத் துணிச்சல் எங்களுக்கு வரவில்லை.

மடிக்கும் வகை மோனோஃபோகல் வைத்தோம். மடித்து உள்ளே விடுவதால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறலே போதும், தையல் கிடையாது. விலை குறைவு என்பதால் மட்டமான சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1992-ல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி, இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இது சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டியது. பின்னாளில் லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மங்கினால் லேசர் வைக்க வேண்டிவரும். அது எந்த லென்ஸுக்கும் உண்டு.

அப்பாவின் சட்டைப்பையில் இப்போது ஒரு கண்ணாடி இருக்கிறது. எடை எழுதும்போது போடுகிறார், எழுதி முடித்ததும் கழற்றிவிடுகிறார். ரோட்டில் விளக்கு விளக்காகவே தெரிகிறது என்கிறார். பதினாலு மாத அனுபவம்தான், அதுவும் ஒரு கண்ணில். இடது கண்ணுக்கு ஆவணியில் தேதி வாங்கியிருக்கிறோம். அதற்கும் இதே லென்ஸ்தான்.