தடுக்க வேண்டியது நிறுவலையா, இயக்கத்தையா? பொதுக் கணினிக்கான வழிகளின் ஒப்பீடு

திருகோணமலை உவர்மலையில் மாலை வகுப்புகள் நடத்தும் ஒரு நிலையத்தின் ஐந்து கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். உயர்தர வகுப்பு மாணவர்களும் தட்டச்சு வேலைக்கு வருவோரும் அவற்றைப் பகிர்ந்து பயன்படுத்துவதால், ஒருவர் பென் டிரைவில் கொண்டுவரும் விளையாட்டும் அதனோடு ஒட்டி வரும் வைரஸும் அடுத்தவருடைய வேலையைக் கெடுத்துவிடுகின்றன.

எல்லோரும் முதலில் நாடுவது விண்டோஸின் சாதாரணப் பயனர் கணக்கு. செலவில்லை, இரண்டு நிமிட வேலை. இக்கணக்கில் இருப்பவரால், மென்பொருள்கள் வழக்கமாகக் குடியேறும் ப்ரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எழுத முடியாது என்பதால், கணினி முழுமைக்குமான நிறுவல் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். ஆனால் இன்றைய மென்பொருள்கள் பல அந்தக் கோப்புறையை நாடுவதே இல்லை. நிர்வாகி அனுமதி கிடைக்காவிட்டால் குரோம் உலாவி பயனருடைய அப்டேட்டா கோப்புறையில் குடியேறிவிடும், டெலிகிராமும் அவ்வாறே. பென் டிரைவிலிருந்தே ஓடும் விளையாட்டுகளுக்கு நிறுவல் என்ற பேச்சே இல்லை. (இந்தத் தளர்வில் ஒரு நன்மையும் உண்டு: விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து எழுத்துருவைப் பயனர் தமக்கு மட்டும் நிறுவிக்கொள்ளலாம் என்பதால், பாமினி எழுத்துருவுக்காக என்னை இப்போது யாரும் அழைப்பதில்லை.)

இந்த ஓட்டையை அடைப்பது, 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த அப்லொக்கர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி. யார் நிறுவுகிறார் என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்திலிருந்து எது ஓடலாம் என்பதை இது தீர்மானிக்கிறது. இதன் இயல்பு விதிகளின்படி விண்டோஸ், ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய இரு கோப்புறைகளில் உள்ளவை எல்லோருக்கும் ஓடும். மற்ற இடங்களில் உள்ளவை நிர்வாகிக்கு மட்டுமே ஓடும். முன்னர் விலை கூடிய பதிப்புகளில் மட்டுமே இக்கட்டுப்பாடு செயற்பட்டது; விண்டோஸ் 11இல் அந்த வரையறை நீக்கப்பட்டதால் புரோ பதிப்பே போதும். ஆயினும் இது கவனமாகக் கையாள வேண்டிய கருவியாகும். எக்ஸ்இ கோப்புகளுக்கு (வழக்கமான விண்டோஸ் நிரல்களுக்கு) மட்டும் விதி எழுதி, ஸ்டோர் செயலிகளுக்கான விதியை மறந்தால், கல்குலேட்டர்கூடத் திறக்காது. நானும் இப்படி ஒரு மாலை வகுப்பைக் குழப்பியிருக்கிறேன். விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே டெம்ப் போன்ற சில உட்கோப்புறைகளில் சாதாரணப் பயனர் எழுத முடியும் என்பதால் அவற்றுக்கு விதிவிலக்கும் எழுத வேண்டும். எனவே முதலில் பதிவு மட்டும் செய்யும் நிலையில் சில நாள் ஓடவிட்டு, எவை தடுக்கப்பட்டிருக்கும் என்று விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பார்த்த பின்பே கட்டாயமாக்குவது நல்லது.

டீப் ஃப்ரீஸ் போன்ற உறையவைக்கும் மென்பொருள் இதற்கு நேர்மாறானது. அது எதையும் தடுப்பதில்லை. யார் எதை நிறுவினாலும் கணினியை மறுபடி தொடங்கியதும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. அரை மணிக்கு ஒருவர் வந்து போகும் இன்டர்நெட் கடைக்கு இது பொருந்தும். வகுப்பறைக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. இடையில் மின்சாரம் போய்வந்தால், சி டிரைவில் மாணவர் சேமித்திருந்த செயற்றிட்டமும் போய்விடும். உறையாத தனிப் பிரிவு ஒன்றை ஒதுக்கினாலும், எல்லோரும் அதிலேதான் சேமிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. விண்டோஸ் இற்றைப்படுத்தல்களுக்காக அவ்வப்போது உறைநிலையை நீக்கவும் வேண்டும்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில், நிர்வாகி அனுமதி தரும் சூடோ குழுவில் சேர்க்கப்படாத பயனரால் கணினி முழுமைக்கும் எதையும் நிறுவ முடியாது. ஆனால் தம் ஹோம் கோப்புறையில் நிறுவாமலே ஓடும் அப்இமேஜ் கோப்பை ஓட்டலாம். ஹோம் பிரிவை அதிலுள்ள கோப்புகளை நேரடியாக ஓடவிடாத நோஎக்ஸெக் தெரிவுடன் இணைத்தால் அதுவும் நிற்கும், பைதன் நிரல்கள் நிற்கா. ஆசிரியர்களின் வேர்ட் வினாத்தாள்கள் லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் லிப்ரெஒஃபிஸில் பக்கம் மாறி வருவதால் இவ்வழியை நான் தொடரவில்லை.

இப்போது ஐந்திலும் சாதாரணக் கணக்குடன் அப்லொக்கரும் இயங்குகிறது. பாடத்துக்குப் புதிய மென்பொருள் தேவைப்பட்டால், ஆசிரியர் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும்.