முன் பேடா, பின் ஷூவா? காசு குறைவாக இருக்கும்போது எந்த பிரேக்கை முதலில் மாற்றுவது

பத்து வருடம் ஓடிய ஆல்டோவையோ வேகன் ஆரையோ பிரேக் சத்தம் வருகிறது என்று பட்டறையில் விட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும். முன் பேட், முன் டிஸ்க், பின் ஷூ, டிரம் கட்டிங், வீல் சிலிண்டர், பிரேக் ஆயில். (முன்சக்கரத்தோடு சுற்றும் தட்டு டிஸ்க், அதைக் கவ்வுவது பேட். பின்சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் டிரம், உள்ளிருந்து அதில் உரசுவது ஷூ, அந்த ஷூவை ஆயில் அழுத்தத்தில் தள்ளுவது வீல் சிலிண்டர். டிரம்மின் உள்பக்கத்தைக் கடைந்து சமப்படுத்துவது டிரம் கட்டிங்.) "மொத்தமா பண்ணிட்டா ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்லண்ணே" என்பார் மெக்கானிக். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் மாசக் கடைசியில் கையில் இருக்கும் பணம் அந்தப் பட்டியலில் பாதிக்குக்கூடக் காணாது. அப்போது எதை வெட்டுவது?

"முன்பக்கத்தை முதலில் பார்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். பிரேக் மிதித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரங்கள் தரையை அழுத்துவது குறைகிறது. நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல், வேகமாக மிதித்தால் முக்கால் பங்கு வரைகூட, முன்சக்கரங்களே செய்கின்றன. அதனால்தான் நம் ஊர்ச் சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் பேட் ஒரு செட் தேய்ந்து மாற்றியபின்னும் பின் ஷூ அப்படியே ஓடிக்கொண்டிருப்பது சகஜம்.

இதையே தலைகீழாகச் செய்தால் ஆபத்து. முன் பேட் தேய்ந்து கிடக்க, விலை குறைவு என்று பின்னால் மட்டும் புது ஷூ போட்டால் பின்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகலாம், அதாவது சுற்றாமல் இழுபடலாம். மழை ரோட்டில் வண்டி பின்புறமாகத் திரும்பிக்கொள்வது அப்படித்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புதுக் கார்களில், சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் அவற்றில் இந்தப் பயம் குறைவு. பழைய வண்டிகள் பலவற்றில் அந்தக் காவல் கிடையாது.

ஆக, தேய்மானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் முன் பேடுக்குத்தான் ஓட்டு. ஆனால் நான் இன்னொன்றை அதற்கு முன்னால் வைப்பேன்: கசிவு. பேட் தேயும்போது கீச்சென்று கத்தும், ஆயில் டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். கசியும் வீல் சிலிண்டர் இப்படிக் கத்திச் சொல்லாது, நாம்தான் தேடிப் பார்க்கவேண்டும்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பிரேக் லைன் (ஆயில் போகும் குழாய்) பெரும்பாலும் குறுக்காகப் பிரிந்திருக்கும். முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு ஜோடி. பின்பக்கம் ஒரு சிலிண்டரில் ரப்பர் கிழிந்து ஆயில் போனால் அந்தச் சக்கரத்தோடு நிற்காது, எதிர்மூலையில் இருக்கும் முன்சக்கரமும் சேர்ந்து போகும். சில நூறு ரூபாய் சாமான், பாதி பிரேக்கைக் கொண்டுபோய்விடும். முன்னால் புதுப் பேட் போட்டு என்ன பயன்?

கண்டுபிடிப்பது சிரமம் இல்லை. பின் டயரின் உள்பக்கச் சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக் கோடு இறங்கி, அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாக இருந்தால் சிலிண்டர் கசிகிறது. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடியே நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், ஒன்று எங்கோ கசிவு, இல்லை பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. இரண்டில் எதுவானாலும் பேட், ஷூ எல்லாம் வரிசையில் பின்னால் நிற்கட்டும். ஆயிலில் ஊறிய ஷூவைத் தேய்த்துக் கழுவித் திரும்பப் போடுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கசிவு ஒரு பக்கம்தான் என்றாலும் ஷூ இரண்டு பக்கமும் மாறவேண்டும்.

கசிவு இல்லை என்றால் பின்பக்கத்துக்குப் பணம் எடுக்குமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் தானாக இறுக்கிக்கொள்ளும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து அப்படியே நின்றுவிடும். பெடல் ஆழமாகப் போகிறது, ஹேண்ட்பிரேக் ஏழெட்டு கிளிக் தாண்டித்தான் பிடிக்கிறது என்பவையெல்லாம் பல நேரம் இதனால்தான். லேபர் மட்டும் கொடுத்து முடிக்கலாம். ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் (உரசும் பட்டை) ஓரத்தில் துரு ஏறி ஒட்டு விட்டிருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மழைக்காலத்தில் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இதைப் பார்க்கலாம். லைனிங் பெயர்ந்தால் சக்கரமே இறுகிக்கொள்ளும்.

அடுத்த போட்டி பேடுக்கும் டிஸ்க்குக்கும். மெக்கானிக்குகள் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். கோடு விழுந்த டிஸ்க்கில் புதுப் பேட் படிய நாளாகும், கொஞ்சம் சீக்கிரமும் தேயும். அதெல்லாம் உண்மை. ஆனாலும் பணம் ஒன்றுக்குத்தான் என்றால் டிஸ்க் காத்திருக்கலாம். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மி.மீ. என்று பொறித்திருக்கும். அளந்து பார்த்து அதற்கு மேல் இருந்தால், விரிசல் இல்லை என்றால், மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கவில்லை என்றால், மேலோட்டமான கோட்டுக்காகப் பல ஆயிரம் செலவழிக்கத் தேவையில்லை. பேட் 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிட்டால் டிஸ்க் செலவு தள்ளிப்போகும். இரும்போடு இரும்பு உரசும்வரை ஓட்டினால் இரண்டும் சேர்ந்து வரும்.

டிஸ்க்கில் மிச்சம் பிடித்த காசைப் பேடில் போடலாம். பெயர் தெரியாத டப்பா பேட் வேண்டாம். ஷோரூம் பெட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. சென்னையைச் சேர்ந்த ரானே, பிரேக்ஸ் இந்தியா போன்ற கம்பெனிகளின் சாமான் வெளிக்கடையிலேயே கிடைக்கும். பில்லோடு வாங்குங்கள், டூப்ளிகேட் நிறைய உலவுகிறது. ஒரு சக்கரத்துக்கு மட்டும் பேட் மாற்றுவது கணக்கிலேயே சேராது, வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

பட்டியலில் எல்லோரும் முதலில் வெட்டுவது பிரேக் ஆயிலைத்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை, தரவிதிப்படி, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 போதும் என்கிறது அதே விதி. டாட் 4-க்கு 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எட்டாத ஒன்றல்ல. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. மலைப்பக்கம் ஓட்டுபவருக்கு, பேடில் பாதி மிச்சம் இருந்தால், இரண்டு மூன்று வருடப் பழைய ஆயில்தான் முதல் செலவு. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் பேடை முடித்துவிட்டு அடுத்த மாதம் இதற்கு வரலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. சிலிண்டர் மாற்றினால் எப்படியும் ஏர் எடுக்கவேண்டும், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். அதே லேபரில் ஆயிலையும் முழுதாக மாற்றிவிடலாம்.

பேட் மாற்றும்போது கழற்றிய பழசைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்பக்கப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர்வதற்கான பின் (pin) இறுகியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அங்கேயே சுத்தம் செய்து, பிரேக்குக்கு உள்ள கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். இதைச் செய்யாமல் புதுப் பேட் போட்டு அனுப்பினால் அதுவும் அதே பக்கம்தான் தேயும்.