2,80,000 கொடுத்து என் இணையதளத்தைத் தொலைத்த கதை: சைட்டைப் புதுப்பிக்கக் கொடுக்கப்போகிறவர்கள் படிக்கவும்

என் சைட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த ஏஜென்சியிடம் இருந்து நேற்று மாலை கடைசி மெயில் வந்தது. "மேடம், உங்கள் ப்ராஜெக்ட் க்ளோஸ் ஆகிவிட்டது. இனி எந்த வேலைக்கும் புது கொட்டேஷன்தான்." அட்வான்ஸ் கொடுக்கிறவரை நான் இவர்களுக்கு அக்கா. 2,80,000 முழுசாகக் கைமாறிய பிறகு மேடம்.

பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றார். வடிவமைப்பு, எஸ்இஓ (கூகுள் தேடலில் சைட்டை முன்னால் வரவைக்கிற வேலை), லோகோ, சோஷியல் மீடியா எல்லாமே நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று சொல்கிற ரகம், அவ்வளவுதான். கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது தையல் மெஷின் உதிரி பாகங்கள் விற்கிற சின்னத் தொழில். 2013இல் நானே உட்கார்ந்து, சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் சைட் போட்டேன். பார்க்க லட்சணமாக இருக்காது. மொபைலில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். ஆனால் 340 பக்கம் இருந்தது. நூல் ஏன் அறுகிறது, கீழ்த் தையல் ஏன் லூசாக விழுகிறது, எந்த மெஷினுக்கு எந்த பாபின் (கீழ் நூல் சுற்றுகிற உருளை) என்று ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தது. கூகுளில் தேடுகிறவர்கள் அந்தப் பக்கங்களுக்குத்தான் வருவார்கள், படித்துவிட்டு அங்கேயே ஆர்டர் போடுவார்கள். விளம்பரத்துக்கு நான் காசு செலவழித்ததே கிடையாது.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் தனியாக வேலை செய்கிறவர், கேள்வி மேல் கேள்வி கேட்டார். பழைய பக்கங்களின் முகவரிகளைப் பட்டியலாகக் கொடுங்கள், சர்ச் கன்சோலுக்கு (கூகுள் தேடலில் நம் சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) அனுமதி கொடுங்கள், எந்தப் பக்கத்துக்கு அதிகம் பேர் வருகிறார்கள், டொமைன், அதாவது சைட்டின் இணையப் பெயர், யார் பெயரில் பதிவாகி இருக்கிறது? எனக்கு எரிச்சலாக வந்தது. வேலை தெரியாதவர் போல, எல்லாவற்றையும் நம்மிடமே கேட்கிறாரே என்று நினைத்தேன். நினைக்க நினைக்க என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாவதுதான் இவர்கள். வீடியோ காலில் ஒரு தம்பி வந்தார். என் சைட்டைத் திரையில் திறந்துவைத்து, ஊசி அளவுகள் பற்றிய பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். 90/14 என்றால் 90 என்பது ஊசியின் கனம், 0.9 மில்லிமீட்டர், 14 என்பது அதே கனத்துக்கு இன்னொரு முறையில் உள்ள எண் என்று நான் எழுதியிருந்த வரியை அப்படியே வாசித்தார். "அக்கா, இதை யாரு இவ்ளோ பொறுமையா எழுதுவா? இது உங்க சைட் இல்ல, இனிமே நம்ம சைட்." அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் நான் எழுதியதை யாரும் இப்படிப் பாராட்டியதே இல்லை. அன்று ராத்திரியே டொமைன் கணக்கின் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர்கூட, "இதுக்கெல்லாம் நீங்க கஷ்டப்பட வேணாம்க்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். பார்த்துக்கொண்டார்கள்.

2,80,000இல் பாதி அட்வான்ஸ், அதாவது 1,40,000. முகப்புப் பக்கத்தின் படத்தைக் காட்டியதும் 84,000. மிச்சம் 56,000 சைட் வெளியே போவதற்கு முதல் நாள். இப்படிப் பிரித்ததில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சைட் ஓடிப் பார்ப்பதற்கு முன்பே என் கையில் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது சைட்டை ஏற்றினார்கள். பளபளவென்று இருந்தது, நானும் எல்லோருக்கும் அனுப்பிப் பெருமைப்பட்டேன். அடுத்த வாரம் ஆர்டர் பாதியானது. அதற்கடுத்த வாரம் நாளுக்கு ஒன்று இரண்டு. மூன்றாவது வாரம் போன்கூட அடிக்கவில்லை.

இங்கேதான் ஆரம்பித்தது சமாளிப்பு. முதலில் "கூகுள் புது சைட்டைப் படிக்க டைம் எடுக்கும்க்கா." அப்புறம் "உங்க ப்ரவுசர் கேஷை க்ளியர் பண்ணிப் பாருங்க." என் ப்ரவுசருக்கும் ஆர்டர் வராததற்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் "அல்காரிதம் அப்டேட் போய்ட்டிருக்கு, எல்லாருக்கும் இறங்கியிருக்கு." அந்தத் தம்பி வேறு டீமுக்கு மாறிவிட்டாராம். புதிதாக வந்தவர் "டிக்கெட் போடுங்க மேடம்" என்றார். பதினோரு டிக்கெட், அதாவது புகார், போட்டேன். ஒன்பதை 'தீர்க்கப்பட்டது' என்று அவர்களே மூடினார்கள்.

கடைசியில் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகள், வெப் வேலை தெரிந்தவள், அரை மணி நேரம் பார்த்தாள். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சைட் தயாராகும்வரை அதில் டிக் போட்டு வைப்பார்கள், வெளியே விடும்போது எடுக்க வேண்டும். எடுக்கவே இல்லை. இத்தனை நாளும் என் சைட்டே கூகுளைப் பார்த்து "உள்ளே வராதே" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது.

அதை எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுதான் இல்லை. பக்கங்களின் முகவரிகளையும் மாற்றியிருக்கிறார்கள், பழைய முகவரியில் இருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் ஒன்றுகூடப் போடவில்லை. அந்த ஊசி பக்கத்தின் பழைய இணைப்பைத் தட்டினால் 404, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வருகிறது. அதோடு, புது சைட்டில் இருப்பதே 48 பக்கம்தான். மீதியை "பழைய கன்டென்ட், டிசைனுக்கு செட் ஆகல" என்று விட்டுவிட்டார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரீடைரக்ட் போட எவ்வளவு என்று கேட்டதற்கு, "அது ஸ்கோப்ல இல்ல மேடம், எஸ்இஓ மைக்ரேஷன் பேக்கேஜ் தனி, 45,000." 2,80,000 வாங்கிக்கொண்டு, வீட்டுக் கதவை மாற்றித் தருகிறேன் என்று வந்து, வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, திறக்கத் தனிக் கூலி கேட்கிற மாதிரி இருந்தது.

சரி, பழைய சைட்டையே திரும்பப் போடலாம் என்றால், வீண் செலவு என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு பழைய ஹோஸ்டிங்கை, அதாவது சைட்டை வைத்திருந்த வாடகை இடத்தை, நானே ரத்து செய்திருந்தேன். பேக்கப் என்று ஒரு ஜிப் ஃபைல் கொடுத்திருந்தார்கள். திறந்தால் படங்களும் தீமும் (சைட்டின் தோற்றத்துக்கான ஃபைல்கள்) மட்டும்தான். வேர்ட்பிரஸ்ஸில் நாம் எழுதுவதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும், அது இல்லாத பேக்கப் வெறும் சட்டி. டொமைன் கணக்கிலும் மெயில் முகவரியை அவர்களுடையதாக மாற்றியிருக்கிறார்கள். பாஸ்வேர்டை மீட்கலாம் என்று அழுத்தினால் மெயில் அவர்களுக்குத்தான் போகிறது.

தாங்கள் செய்தது என்று அவர்கள் காட்டிய சாம்பிள் சைட்டுகளில் இரண்டை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அடியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது.

விவரமாக ஒரு வழிகாட்டி எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். வேலை செய்கிறவருக்குத் தனி லாகின் கொடுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸோடு பேக்கப்பை நீங்களே எடுத்து, இன்னொரு இடத்தில் ஏற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ரீடைரக்ட் யார் வேலை என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருஷமாவது ரீடைரக்ட் இருக்கட்டும் என்று கூகுளே சொல்கிறது. கடைசித் தவணையை சைட் வெளியே போய் ஒரு மாதம் கழித்துக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை ஏற்ற விடாதீர்கள், சனி ஞாயிறு யாரும் போன் எடுக்க மாட்டார்கள். எரிச்சல் வரும் அளவுக்குக் கேள்வி கேட்கிறவரைத் துரத்திவிடாதீர்கள்.

அந்தக் கேள்வி கேட்டவருக்கு நேற்று ராத்திரி கூச்சத்தோடு மெசேஜ் போட்டேன். திட்டவில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் என் பழைய பக்கங்கள் பல இன்னும் இருக்கின்றன, அதிலிருந்து எடுக்கலாம் என்றார். ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன். 340இல் 61 முடிந்திருக்கிறது. ஊசி பக்கம் கிடைத்துவிட்டது, படங்கள் மட்டும் வரவில்லை.