பூலாம்பட்டி விசைப்படகு: இரண்டு தடவை போய் வந்தோம்

பங்குனி வெயிலுக்கு ஏற்காடு போகலாம் என்றுதான் வீட்டில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிக்குப் பின்னால் வண்டியாக ஊர்ந்து போய், மேலே ஏரிக்கரையில் படகுக்கு இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். சாமி, ஆளை விடுங்கள் என்று எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டிக்கு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சுற்றுலாவுக்கென்று விட்ட படகு இல்லை. இந்தக் கரை சேலம் மாவட்டம், எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை ஈரோடு மாவட்டம், நடுவில் காவிரி. வேலைக்கும் விசேஷத்துக்கும் போகிற சனங்கள் ஏறுகிற படகில் நாமும் ஏறிக்கொள்கிறோம், அவ்வளவுதான். கட்டணமும் டவுன் பஸ் டிக்கெட் மாதிரிதான். எனக்கு முன்னால் ஒருவர் பைக்கையே ஏற்றிவிட்டார். பின்சீட்டில் ஒரு வாழைத்தார் கட்டியிருந்தது, படகு ஆடும்போதெல்லாம் அவர் பைக்கை விட்டுவிட்டுத் தாரைத்தான் பிடித்தார்.

மேட்டூர் அணையிலிருந்து டெல்டாவுக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவதுதான் வழக்கம். அப்படியானால் பங்குனியில் ஆறு வறண்டு கிடக்க வேண்டுமே என்று நானும் நினைத்தேன். ஆனால் இங்கே மின்சாரம் எடுக்கக் கதவணை கட்டியிருப்பதால் தண்ணீர் தேங்கி, கரைக்குக் கரை ததும்பி நிற்கிறது. என் மகள் "அப்பா, இது ஆறா ஏரியா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, ஏனென்றால் அலையே இல்லை. கரையோரத் தென்னையும் வாழையும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிய, எதிரே பாலமலை நீலமாக நிற்கும். குட்டி கேரளா என்று சொல்கிறார்கள். எதற்குக் கேரளா, பூலாம்பட்டி என்றே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

போகும்போது நாலு மணி வெயில், பலகை சுட்டது, டீசல் வாடை வேறு. பாதி ரசனை அதிலேயே போய்விட்டது. அந்தக் கரையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். அம்மா இறங்கவே மனசில்லாமல், "இன்னொரு தடவை போயிட்டு வரலாமா கண்ணு?" என்று கேட்க, ஐந்தரை மணிக்கு மறுபடி ஏறினோம். அதுதான் பயணம். வெயில் இறங்கி, மலைக்குப் பின்னால் சூரியன் போய், காற்று ஜில்லென்று முகத்தில் அடிக்க, படகில் யாருமே பேசவில்லை. அம்மா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். படகுக்காரர், "நடுவுல உக்காருங்கம்மா, ஓரத்துல சாயாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். அவர் சொல்வதைக் கேளுங்கள், செல்ஃபிக்காக எட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம். ஆற்றோரத்தில் பொரித்த மீன் கிடைக்கும். நாங்கள் போன கடையில், பெயர் வேண்டாம், கட்லா என்று கேட்டோம். மேலே மசாலா கருகி, உள்ளே முள்ளோரம் வேகாமல் வந்தது. சொன்னதற்குத் திரும்ப எண்ணெயில் போட்டுக் கொடுத்தார், அதற்குள் எனக்குப் பசியே போய்விட்டது. நீங்கள் போனால் கூட்டம் நிற்கிற கடையாகப் பார்த்து, கண் முன்னால் பொரிப்பதை வாங்குங்கள். சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு போன தட்டுவடை செட் சட்னி ஊறிக் கூழாகியிருந்தது, அது என் தப்பு. தட்டுவடையும் காய்ச்சீவலும் தனித்தனியாக எடுத்துப் போங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கதவணையில் பராமரிப்பு நடக்கும்போது தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள், அப்போது படகு ஓடாது. மேட்டூரில் வெள்ளம் திறந்துவிட்டாலும் அப்படித்தான். அதனால் அந்தப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் நுங்கு கிடைத்தால் திரும்பும்போது வாங்குங்கள். நாங்கள் போகும்போதே வாங்கி, படகில் ஏறும்வரை கையெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது.