புதுப் போனுக்கு இ-சிம்மை மாற்ற மூன்று வழி: மலையகத்தில் எது சரிப்படும்?

போன் மாற்றும்போது இ-சிம்மை, அதாவது தட்டில் போடாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்மை, என்ன செய்வது என்று எங்கள் தோட்டத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். பழைய போனிலிருந்து நேரே மாற்றலாம், சிம் கம்பனியிடம் புது கியூஆர் கோட் வாங்கலாம், இல்லையென்றால் பிளாஸ்டிக் சிம்முக்கே திரும்பிவிடலாம்.

நேரே மாற்றுவதுதான் சுலபம். ஐபோனிலிருந்து ஐபோனுக்கு என்றால் இரண்டிலும் ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும், புளூடூத்தைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்து, செட்டிங்ஸில் இ-சிம் சேர்க்கும் இடத்துக்குப் போனால் போதும். ஆனால் உங்கள் கம்பனி இதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும், பழைய போனும் உயிரோடு இருக்க வேண்டும். திரை செத்த போனை வைத்துக்கொண்டு இந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

நான் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வந்ததால் கியூஆர் வழிக்குத்தான் போனேன். மஸ்கெலியாவிலிருந்து பஸ் பிடித்து ஹட்டன் டவுனில் சிம் கம்பனிக் கடைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டினேன். புதுப் போனின் ஈஐடி இலக்கம், அதாவது அதன் இ-சிம்முக்கான அடையாள இலக்கம், கேட்டார்கள். *#06# அடித்தால் வரும், மொத்தம் 32 இலக்கம். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தபோது நடுவில் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டேன், கவுண்டரில் இருந்த தங்கச்சி "அண்ணே, 31தான் இருக்கு" என்று திருப்பித் தந்தார். ஆகவே எழுதாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள். கியூஆர் கோடைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள், வெளியே நல்ல மழை, வீட்டுக்கு வருவதற்குள் சட்டைப் பையில் நனைந்து ஒரு மூலை கலங்கிப்போயிருந்தது. நல்லவேளை, போன் அதைப் படித்துக்கொண்டது. பெரும்பாலும் ஒரு கியூஆர் கோடை ஒரு தடவைதான் பாவிக்கலாம் என்பதால் அந்த நிமிடம் எனக்குக் கை நடுங்கியது.

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: இ-சிம்மை இறக்கப் புதுப் போனுக்கு இணையம் வேண்டும். பழைய போனின் ஹாட்ஸ்பாட்டில் செய்துகொள்ளலாம் என்று நினைப்போம், ஆனால் கம்பனி புது இ-சிம் கொடுத்ததும் பழைய லைன் நின்றுவிடும், ஹாட்ஸ்பாட்டும் அதோடு போய்விடும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வைஃபை எத்தனை வீட்டில் இருக்கிறது? தகரக் கூரைக்குக் கீழே சிக்னலும் ஒரு கோடுதான். நான் அக்காவின் போனை வாங்கிக்கொண்டு தேயிலை மலைக்கு ஏறும் படிக்கட்டில் நின்றுதான் முடித்தேன். முடிந்தால் டவுனிலேயே, கடை வைஃபையில் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். அது வேலை செய்து, வாட்ஸ்அப்பும் வங்கி ஓடிபியும் வந்த பிறகுதான் பழைய போனை ரீசெட் செய்யுங்கள்.

மூன்றாவது வழியைச் சிலர் பின்னுக்குப் போவதாக நினைக்கிறார்கள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். அம்மாவுக்குப் பிளாஸ்டிக் சிம்தான் போட்டுக்கொடுத்தேன். கொழுந்து பறிக்கப் போன இடத்தில் போன் தண்ணீரில் விழுந்தால், சிம்மைக் கழற்றி என் பழைய பட்டன் போனில் போட்டு அரை நிமிடத்தில் பேசிவிடலாம், கடை, கோட், இணையம் எதுவும் வேண்டாம். அவசரத்துக்குக் கூப்பிடவேண்டிய வீட்டில் அது பெரிய விஷயம். ஆனால் ஒன்று: 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் சிம் போடும் இடமே கிடையாது. சொந்தக்காரர் அங்கேயிருந்து அனுப்பும் போன் என்றால் முதலில் பக்கவாட்டைப் பாருங்கள், அதில் தட்டு இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை, டவுனுக்குப் போய் கியூஆர் கோட் வாங்கிக்கொள்ளுங்கள்.