ஆங்கர் விட்டுப்போன குழி: பெரிய ஆங்கரா, எலும்பு ஒட்டா?

கையைத் தூக்கவும் சுழற்றவும் உதவும் தோள்பட்டை ரொட்டேட்டர் கஃப் தசைநாணைத் தைத்து, அது மறுபடி கிழிந்து, இரண்டாவது ஆபரேஷன் என்று வரும்போது தைக்க நல்ல எலும்பே இல்லாமல் போவதுண்டு. பழைய ஆங்கர் (தையல் நூலை எலும்பில் பிடித்து வைக்கும் சிறு முளை) இருந்த இடத்தில் குழி. கரையும் வகை ஆங்கர் என்றால் சில சமயம் சுற்றியுள்ள எலும்பும் அரித்துப் போயிருக்கும்.

பிடிமானம்
பெரிய ஆங்கர்: 5.5 மி.மீ. இருந்த துளையில் 6.5 மி.மீ. போட்டால், ஓரத்து எலும்பு கெட்டியாக இருக்கும்வரை உடனே பிடிக்கும்.
எலும்பு ஒட்டு: குழியில் எலும்புத் துண்டுகளைத் தட்டி இறுக்கி, அதிலேயே ஆங்கர் போடலாம். குழி மிகப் பெரிதென்றால் முதலில் ஒட்டு, அது சுற்றியுள்ள எலும்போடு கூடிய பிறகு தையல். அதாவது இரண்டு ஆபரேஷன், மாதக்கணக்கில் காத்திருப்பு.

செலவு, வலி
பெரிய ஆங்கர்: கூடுதல் வேலை குறைவு.
எலும்பு ஒட்டு: சொந்த இடுப்பெலும்பில் எடுத்தால் நன்றாகக் கூடும், ஆனால் எடுத்த இடத்தில் தோளைவிட அதிகம் வலித்தாலும் வலிக்கும். எலும்பு வங்கியிலிருந்து வாங்கினால் அந்த வலி இல்லை, செலவு ஏறும், கூடுவதும் மெதுவாகத்தான்.

சின்னக் குழி, சுற்றிலும் திடமான எலும்பு என்றால் பெரிய ஆங்கரே போதும். பக்கத்தில் புது இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆழமான குழி, வயது குறைவு, தசையும் நன்றாக இருக்கிறது என்றால் ஒட்டுதான் என் தேர்வு. அளவு தெரிய சி.டி. ஸ்கேன் கேளுங்கள், எம்.ஆர்.ஐ.யில் உலோக ஆங்கர் படத்தைக் கெடுக்கும். தசையே கொழுப்பாகிவிட்ட முதியவருக்கு இரண்டுமே வீண். ரிவர்ஸ் மூட்டு மாற்று (தோள் மூட்டின் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கும் செயற்கை மூட்டு) பற்றிப் பேசுவது மேல்.